கேசட்டில் இல்லாத குரல்

1

செல்லத்துரை இறந்து இந்த வாரத்தோடு ஓராண்டு ஆகிறது. திண்டுக்கல்லில் அவன் வீட்டில் நினைவு ஜெபம் முடிந்திருக்கும். வந்தவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இங்கே, அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், சனிக்கிழமை காலை எட்டு மணி. என் மனைவி ரூத் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்து உள்ளே தூங்குகிறாள். நான் கணினியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஐம்பது வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோட் அணிந்த நான்கு கறுப்பின மனிதர்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடுகிறார்கள்.

இந்தப் பத்தியை வாசிக்கும் ஊர்க்காரர்களில் சிலருக்குச் செல்லத்துரையைத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவன் கண்டக்டர். "செம்பட்டி, வத்தலக்குண்டு" என்று அவன் கூப்பிட்டால், பஸ் நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். அவன் கத்தமாட்டான். அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல் அது. கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில் புகுந்து வந்துவிடும்.

அந்தக் குரல் இன்று எங்குமே இல்லை. இல்லாமல் போனதில் எனக்குப் பங்கு உண்டு. அதைத்தான் இந்த முறை எழுத வேண்டும்.

2

நாங்களும் நான்கு பேர்தான். எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தோம். அருள்தாஸ் பள்ளி ஆசிரியர். முதன்மைக் குரல் அவனுடையது. டேவிட்ராஜ் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். மல்லிகை ஏலத்தில் கூவிக் கூவி அவனுக்கு மேல் ஸ்தாயி தானாக வந்தது. நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன்; மூவரும் என்னைச் 'சீலா' என்றுதான் கூப்பிடுவார்கள். நடுக்குரல் எனக்கு. அடிக்குரல், நாங்கள் சொல்லும் 'பேஸ்', செல்லத்துரைக்கு.

ஊருக்குத் திரும்பிப் போன வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் விட்டுச்சென்ற கேசட் ஒன்று அருளிடம் வந்து சேர்ந்தது. மேலே பெயர் எதுவும் இல்லை. போட்டுக் கேட்டால், வாத்தியமே இல்லாமல் நான்கு ஆண்கள் பாடுகிறார்கள். தொடையில் தட்டும் சத்தமும் விரல் சொடுக்கும் சத்தமும்தான் தாளம். ஒருவர் கதறுவதுபோல் பாட, மற்ற மூவரும் அவரைத் தாங்கிப் பிடிப்பதுபோல் பின்னாலேயே வந்தார்கள். ஆர்மோனியப் பெட்டியோடு பாடிப் பழகிய எங்களுக்கு அது புதிய உலகம். முதல் பாட்டு முடிந்ததும் செல்லத்துரை சொன்னான்: "ஏலே, அந்தக் கீழ பாடுறவன் மனுசனா, லாரி இஞ்சினா? நானும் அதத்தான்ல பாடணும்."

ஞாயிறு ஆராதனை முடிந்து மதியத்தில் நாங்கள் பயிற்சி செய்தது, ஷெட்டில் நிறுத்தியிருக்கும் அவன் பஸ்ஸுக்குள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் தகரக் கூரை குரலைத் திருப்பித் தரும். வெக்கை ஆளைப் பிழிந்துவிடும். நான்கு பேரும் சட்டையைக் கழற்றி சீட்டில் போட்டுவிட்டு, பனியனோடு நின்று பாடுவோம். அவன் தன் கீழ்ச்சுரத்தைப் பிடித்தால் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும். அதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். பாட்டு நின்றுபோகும். அவன் மட்டும் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பான்.

ஆங்கிலப் பாட்டுகளைக் காதால் கேட்டு எழுதினோம். கேசட் தேய்ந்துபோயிருந்ததால் பாதி வார்த்தைகள் ஊகம்தான். எங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டில், பேஸ் குரல் மட்டும் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அது எங்கள் காதில் 'மண்டே மார்னிங்' என்று விழுந்தது. பரலோகத்தைப் பற்றிய பாட்டில் திங்கட்கிழமை காலை ஏன் வருகிறது என்று அருளுக்குச் சந்தேகம். ஆசிரியர் அல்லவா.

"இதுல என்னப்பு சந்தேகம்?" என்றான் செல்லத்துரை. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் பரிசுத்தவான்தான். திங்கக்கிழமை காலையில டூட்டிக்குப் போறான் பாரு, அவனுக்குத்தான் ஆண்டவர் கூட நிக்கணும். அவனுக்காக எழுதுன பாட்டு இது."

அதற்குமேல் நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஏழு வருடம் அப்படியே பாடினோம். வத்தலக்குண்டு, நத்தம், ஆத்தூர் என்று கூப்பிட்ட ஊரிலெல்லாம் போய்ப் பாடினோம்.

3

நான் அமெரிக்கா வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், நாங்களே ஒரு கேசட் வெளியிடுவது என்று முடிவானது. மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பத்துப் பாட்டுகள். செல்லத்துரை லீவு போட்டுவிட்டு வந்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பாடினான். கடைசிப் பாட்டு முடிந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கி மொத ட்ரிப்பு எனக்கு. வாரேன்டா, மிச்சத்த நீங்க பாத்துக்கங்க" என்று கிளம்பிவிட்டான்.

மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் குரல்களைக் கலந்து சரிபார்க்க அருளும் நானும் போனோம். ஒலிப்பதிவாளர் இளைஞர். சினிமாப் பாட்டுகளில் வேலை செய்தவர். செல்லத்துரையின் குரலைத் தனியாக ஓடவிட்டுக் காட்டினார்.

"இந்த பேஸ் அண்ணன் குரல் மொணமொணன்னு விழுகுது சார். இங்கிலீஷ் உச்சரிப்பும் சரியில்ல. இத எடுத்துட்டு கீபோர்டுல பேஸ் போட்டுரலாம். சும்மா கும்முன்னு இருக்கும்."

அவர் ஒரு குமிழைக் கீழே இறக்கினார். செல்லத்துரை போய்விட்டான். வேறொன்றை ஏற்றினார். வழவழப்பான இயந்திர ஒலி ஒன்று அவன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால், அன்று அது எங்கள் காதுக்கு நன்றாகவே இருந்தது. கடையில் வாங்கும் கேசட்போல இருந்தது.

அருள் என் முகத்தைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் மறுத்திருக்கமாட்டான்.

"சரிங்க, அப்படியே போட்ருங்க" என்றேன்.

செல்லத்துரையிடம் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று அருளும், அருள் சொல்வான் என்று நானும் விட்டுவிட்டோம். அது பொய். இரண்டு பேருக்குமே சொல்லத் தைரியம் இல்லை.

அறுப்பின் பண்டிகை என்னும் அறுவடைத் திருநாள் அன்று சபை வளாகத்தில் கேசட்டை வெளியிட்டு ஒலிபெருக்கியில் போட்டார்கள். அட்டையில் எங்கள் நான்கு பேர் படமும் இருந்தது. அவன் படத்துக்குக் கீழே பெயரும், பக்கத்தில் 'பேஸ்' என்றும் அச்சிட்டிருந்தார்கள். செல்லத்துரை வெள்ளைச் சட்டை போட்டு, மனைவி பாக்கியத்தோடும் மகள் மெர்சியோடும் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தான். மெர்சிக்கு அப்போது ஏழெட்டு வயது. முதல் பாட்டில் அவன் முகம் சிரித்தபடியே இருந்தது. இரண்டாவது பாட்டில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். மெர்சி, "அப்பா, நீ எப்பப்பா வருவ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அவன் எழுந்து போகவில்லை. ஒரு பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"எங்கல நான்?" என்றான்.

நான் ஒலிப்பதிவாளரைக் காரணம் சொன்னேன். மைக்கைக் காரணம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு எங்களோடு பாடவில்லை. பேஸ் இல்லாமல் நாங்களும் பாடவில்லை.

ரூத்துக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் கிளம்பியபோது ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அவன் பஸ் நிற்கும் இடம்வரை ஒரு நாள் போனேன். பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அடுத்த ட்ரிப்புக்கு நான் காத்திருக்கவில்லை.

4

அந்தப் பாட்டுகள் பிறந்த நாட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஆனால் அவற்றை இங்கே எங்கும் கேட்கவில்லை. நாங்கள் போகும் சபையில் கிட்டாரும் டிரம்ஸும்தான். வரிகள் திரையில் ஓடும். எல்லோரும் ஒரே குரலில் பாடுவார்கள். மருத்துவமனையின் பொருள் கிடங்கில் எனக்கு வேலை. என் பெயரில் எது குடும்பப் பெயர் என்பதில் தொடங்கிய குழப்பம் பத்து வருடமாகத் தீரவில்லை. ஒரு அட்டையில் நான் என் அப்பாவின் பெயரால் அழைக்கப்படுகிறேன். இன்னொன்றில் ஊரின் முதலெழுத்தால். தொலைபேசியில் யாராவது என் ஆங்கிலம் புரியாமல் "மன்னிக்கவும்?" என்று மூன்றாம் முறை கேட்டால், மகன் ஜோயல் போனை வாங்கிப் பேசிவிடுவான். இப்போதெல்லாம் நான் பேசத் தொடங்கும் முன்பே கையை நீட்டுகிறான்.

இரண்டாயிரத்து ஏழில் ஜோயலுக்குப் பதினான்கு வயது. இணையத்தில் வீடியோ பார்க்கும் பழக்கம் அப்போதுதான் பரவியது. ஸ்கேட்போர்டில் குதிப்பவர்களை அவன் பார்த்துவிட்டு எழுந்துபோன ஒரு மாலையில், கிறிஸ்தவப் பாட்டுப் பாடும் நால்வர் குழுக்களைத் தேடி, அந்தத் தேடும் பெட்டியில் பழைய 'காஸ்பல் குவார்டெட்' என்று தட்டிப் பார்த்தேன்.

வரிசையாக வந்து விழுந்தன. பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை யாரோ நாடாவிலிருந்து ஏற்றியிருந்தார்கள். படத்தில் கோடுகள் ஓடும். சில இடங்களில் முகங்கள் வெளிறிப்போகும். ஆனால் பாட்டு! முதன்மைப் பாடகர் மைக்கை நெருங்குவார், விலகுவார், கண்ணை மூடிக்கொண்டு ஒரே சொல்லைப் பத்து விதமாகச் சொல்வார். மற்றவர்கள் அசையாமல் நின்று, சீராக மூச்சு விடுவதுபோல் பின்குரல் கொடுப்பார்கள். திடீரென்று பேஸ் பாடகர் ஒரு அடி முன்னால் வைப்பார். அவ்வளவுதான், தரை இறங்குவதுபோல் இருக்கும். கேசட்டில் காதால் மட்டுமே கேட்டவர்களுக்கு முகம் கிடைத்தது. அவர்கள் வியர்ப்பதையும், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதையும் அன்றுதான் பார்த்தேன்.

கிடங்கில் என்னோடு வேலை செய்த எர்ல் என்பவரிடம் இதைச் சொன்னேன். அவருடைய பெரியப்பா அப்படி ஒரு குழுவில் பாடியவராம். "குவார்டெட் என்றால் நான்கு ஆள் என்று நினைக்காதே. ஐந்து பேர், ஆறு பேர்கூட இருப்பார்கள். நான்கு என்பது குரலின் கணக்கு. அந்த நான்கில் ஒன்று போனால், எத்தனை பேர் நின்றாலும் அது குவார்டெட் இல்லை" என்றார். ஊர் ஊராகப் பாடப்போன இடத்தில் வெள்ளையர் விடுதிகளில் அவர்களுக்கு அறை கிடைக்காது; காரிலேயே தூங்கி, காரிலேயே சட்டை மாற்றிக்கொண்டு மேடை ஏறுவார்களாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அட்டைப் பெட்டியை இறக்கி வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

வீடியோக்களுக்குக் கீழே பார்ப்பவர்கள் குறிப்பு எழுதுவார்கள். 'இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் என் தாத்தா' என்று ஒருவர். 'அப்பா இறந்து முப்பது வருடம் ஆகிறது. இன்று அவர் குரலைக் கேட்டேன்' என்று ஒரு பெண். நான் பாட்டைவிட அதிகமாக இவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்த 'மண்டே மார்னிங்' பாட்டு வந்தது. மருத்துவர் விட்டுச்சென்ற கேசட்டின் முதல் பாட்டு. பேஸ் பாடகர் உயரமான ஒல்லி மனிதர். அவர் தன் வரியைத் தொடங்கியதும் நானும் கூடவே பாடினேன். சமையலறையிலிருந்து வந்த ஜோயல் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அப்பா, அது மண்டே இல்ல. ஒன் மோர். ஒன் மோர் மார்னிங்."

திரும்ப ஓடவிட்டேன். அவன் சொன்னது சரி. இன்னும் ஒரு காலை. சாகக் கிடக்கும் ஒருவன் கடவுளிடம் இன்னும் ஒரே ஒரு காலையைக் கேட்கும் பாட்டு அது. ஏழு வருடம் நாங்கள் அதைத் திங்கட்கிழமை ஆக்கி வைத்திருந்தோம். நான் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். உடனே செல்லத்துரையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பத்து வருடக் கசப்பை இந்த ஒரு சிரிப்பு கரைத்துவிடும் என்றுகூட நம்பினேன். அருளுக்குப் போன் செய்து அவன் எண்ணைக் கேட்டேன்.

எண்ணைச் சொல்வதற்கு முன் அருள் கேட்டான்: "ஒனக்குத் தெரியாதா சீலா? அவனுக்குத் தொண்டையில கட்டி. மதுரையில காட்டிருக்காக. குரல்வளையையே எடுக்கணுமாம். எடுத்துட்டா அப்பறம் பேச்சு இருக்காதுன்னுட்டாக."

5

இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த காலம் அது. அந்த நிலையில் பயண அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பமே செல்லாது. அனுமதி வர மூன்று நான்கு மாதம். அறுவைச் சிகிச்சைக்கு இருந்தது நான்கு வாரம். அவசர அனுமதி உண்டு என்றார்கள். படிவத்தில் 'நோயாளி உங்களுக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். வழக்கறிஞர் அலுவலகத்துப் பெண் போனில் கேட்டார்.

"சகோதரரா?"

"இல்லை. கூடப் பாடியவர்."

"நண்பரா?"

அதற்கும் எனக்கு உடனே ஆம் என்று சொல்ல வரவில்லை. நண்பர் என்றால் அவசரத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று அவர் அன்போடுதான் சொன்னார். சாதாரண வரிசையில் விண்ணப்பித்தேன்.

செல்லத்துரை வீட்டுக்குப் போன் செய்தால் பாக்கியம் எடுப்பாள். "குளிக்கிறாக", "கடைக்குப் போயிருக்காக" என்பாள். பின்னால் அவன் இருமுவது கேட்கும். நான்காம் முறைக்குப் பிறகு அருளிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு பாட்டு அவனப் பாடச் சொல்லி செல்போன்லயாவது பதிவு பண்ணிருடா. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

இரண்டு நாள் கழித்து அருள் பதில் சொன்னான். "கேட்டேன்டா. பத்து வருசத்துக்கு முன்னாடி பண்ணிருக்கணும், இப்ப எதுக்குன்னான்."

மதுரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் அருளை அனுப்பினேன். அன்று குமிழை இறக்கினாரே தவிர, மூல நாடாவில் அவன் குரல் தனியாக இருந்திருக்கும் அல்லவா? கூடம் இருந்த இடத்தில் செல்போன் கடை. பழைய முதலாளியைத் தேடிப் பிடித்துக் கேட்டால், நாடாக்களை அழித்து அழித்து வேறு பாட்டுகளுக்குப் பயன்படுத்திவிட்டோம் என்றாராம்.

அறுவை நடந்தது. அன்று நான் கிடங்கில் கையுறைப் பெட்டிகள் எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டேன். அந்த நான்கு பேரும் இறந்து பல காலம் ஆகிவிட்டதாகக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். செல்லத்துரை உயிரோடு இருந்தான்; அவன் குரல் உலகத்தில் எங்கும் இல்லை. ஜோயல் கதவருகில் வந்து நின்றான். "ஏன் எப்பவும் செத்துப்போனவங்களையே பாக்குறீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

6

அனுமதி வந்ததும் தனியாகத்தான் ஊருக்குப் போனேன். அறுவை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவள் பாக்கியம்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாண்ணே?" என்றாள். உட்காரச் சொன்னாள்.

செல்லத்துரை உள்ளேயிருந்து வந்தான். பாதி ஆளாகியிருந்தான். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, சிறு குழந்தைக்குக் கட்டுவதுபோல் முன்னால் தொங்கியது. அதன் பின்னால் துளை. அவன் மூச்சு அந்த வழியாகத்தான் போய்வந்தது. என்னைப் பார்த்தான். நாற்காலியை எனக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதி நீட்டினான்.

'முடி கொட்டிருச்சு ஒனக்கு.'

நான் சிரிக்கப் பார்த்தேன். அழுகை வந்தது. அவன் காத்திருந்தான். பிறகு எழுதினான்: 'அருள் சொன்னான். ஏதோ வீடியோவாம்.'

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மெர்சி எங்கள் இருவரையும் பஸ் நிலையத்துக்கு அருகிலிருந்த ஒரு பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப்போனாள். பலகைத் தடுப்புக்குள் ஒரு கணினி, இரண்டு ஸ்டூல். ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது. அதை அவன் காதில் மாட்டிவிட்டு, வீடியோவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. திரையில் நான்கு வாய்கள் அசைந்தன. செல்லத்துரை அசையாமல் பார்த்தான். முதன்மைப் பாடகர் முடித்து, உயரமான அந்த ஒல்லி மனிதர் முன்னால் வந்தபோது, செல்லத்துரையின் கழுத்து நரம்புகள் புடைத்தன. உதடுகள் திறந்தன. கழுத்திலிருந்த வெள்ளைத் துணி மேலெழும்பியது, அமுங்கியது, மறுபடி எழும்பியது. நான்கு தட்டுக்கு ஒரு முறை, கொஞ்சமும் பிசகாமல். அவன் பாடிக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. மூச்சு மட்டும்.

பாதியில் வீடியோ நின்றுவிட்டது. இணைப்பு மெதுவாக இருந்ததால் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் நால்வரும் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்கள். செல்லத்துரை நிற்கவில்லை. துணி எழும்பிக்கொண்டும் அமுங்கிக்கொண்டும் இருந்தது. கடைசி வரிவரை அவன் தனியாகப் போய்ச் சேர்ந்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றினான்.

திங்கட்கிழமை பற்றி அவனிடம் சொன்னேன். அது மண்டே இல்லையாம், இன்னும் ஒரு காலையாம் என்று. அவன் வெகுநேரம் யோசித்து எழுதினான்: 'அவுகளுக்கு அப்படி. நமக்குத் திங்கக்கிழமதான்.'

மெர்சி மெல்ல என்னிடம் சொன்னாள். "ஒங்க கேசட்ட அப்பா வச்சிருந்தாங்க அங்கிள். டூட்டி இல்லாத அன்னிக்கு டேப்புல போட்டுட்டு, கூடவே பாடுவாங்க. அந்தக் கீபோர்டு சத்தம் வார இடத்துல எல்லாம் சத்தமாப் பாடுவாங்க. அது கேக்காது எங்களுக்கு. அப்பா குரல்தான் கேக்கும். ஆபரேசனுக்கு மொத நாள்கூடப் பாடுனாங்க."

"நீயாவது பதிவு பண்ணலயாம்மா?"

"தோணலையே அங்கிள்" என்றாள். "தெனமும் கேக்குற குரல்தானேன்னு இருந்துட்டேன்."

வெளியே வெயில். பஸ்கள் உள்ளே வருவதும் திரும்புவதுமாக இருந்தன. சின்னப் பையன்போன்ற கண்டக்டர் ஒருவன் செம்பட்டி, வத்தலக்குண்டு என்று கீச்சுக்குரலில் கத்தினான். செல்லத்துரை அவனைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பேச இதைவிட வேறு நேரம் கிடைக்காது என்று பட்டது.

"அன்னிக்கி நான்தான்டா சரின்னு சொன்னேன். அருள் இல்ல, ரெக்கார்டிங்காரர் இல்ல. நான்தான். என்ன மன்னிச்சிரு செல்லத்துரை."

அவன் நோட்டை எடுத்தான். கண்டக்டர்கள் டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் எழுதுகிறவன், அன்று நிறுத்தி நிறுத்தி எழுதினான்.

'மன்னிச்சேன்னு எழுதிட்டா நீ இனிமே வரமாட்ட. அடுத்த வருசம் வா. அப்ப எழுதித் தாரேன்.'

படித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அது கோபமா விளையாட்டா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. குரல் இருந்தால் தெரிந்திருக்கும்.

7

திரும்பி வந்து மூன்றாவது மாதம் பச்சை அட்டை வந்துவிட்டது. இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த கோடையில் போகலாம் என்று நினைத்தோம். அப்போது ஜோயலுக்கு ஏதோ முகாம் இருந்தது. ஊருக்கு வர அவனுக்கு விருப்பமும் இல்லை; அவனை விட்டுவிட்டுப் போக ரூத்துக்கு மனமும் இல்லை. சரி, கிறிஸ்துமஸுக்குப் போகலாம் என்றேன். எந்த அலுவலகமும் என்னைத் தடுக்கவில்லை. எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டமும் காலியாக இல்லை. நானேதான் தள்ளிப்போட்டேன். ஊரைவிட்டு வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் விசாவைக் காரணம் சொல்லிப் பழகிவிடுகிறோம். விசா கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் முன்பே செல்லத்துரை போய்விட்டான். கட்டி நுரையீரலுக்குப் பரவியிருந்ததாம். அடக்கத்தில் அருளும் டேவிட்ராஜும் நின்று பாடினார்களாம். "ரெண்டு பேரா நின்னுக்கிட்டு என்னத்தப் பாடுறது சீலா, நல்லாவே இல்லடா" என்றான் அருள்.

இரண்டு வாரம் கழித்து மெர்சிக்குப் போன் செய்தேன். உடம்பு எப்படி இருந்தது, கடைசியில் வலி இருந்ததா, அம்மா சாப்பிடுகிறாளா என்றெல்லாம் விசாரித்தேன். கேட்க வந்ததை மட்டும் கேட்க முடியாமல் நேரம் போய்க்கொண்டிருந்தது. அன்று பஸ் நிலையத்தில் அவன் எழுதியதைக் கூட நின்று படித்திருந்த அவள்தான் சொன்னாள்.

"அங்கிள், அப்பா நோட்டு மொத்தம் பதினோரு நோட்டு இருக்கு. எல்லாத்தையும் பாத்துட்டேன். ஆஸ்பத்திரியில எழுதுனது, அம்மாகிட்ட சண்ட போட்டது, வெஞ்சனத்துல உப்பு இல்லன்னு எழுதுனதுகூட இருக்கு. ஒங்களுக்குன்னு எதுவும் இல்ல."

நோட்டின் தாள்களை அவள் புரட்டும் சத்தம் கேட்டது.

"மறுபடியும் ஒருக்கா பாக்கட்டுமா அங்கிள்?" என்றாள்.

வேண்டாம்மா என்றேன்.